மண்ணோடு போகும் நகரம்

கொல்கத்தாவுக்கு அருகே வயலுக்கும் குளத்துக்கும் அடியில் கிடக்கிறது 2,000 ஆண்டுகளுக்கு முந்தைய சந்திரகேதுகர். அதன் சுடுமண் சிற்பங்கள் உலகின் பெரிய அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. நகரத்துக்குத்தான் போதிய காவல் இல்லை. ஒரு தேசியப் பூங்கா அதைக் காப்பாற்றுமா?

கொல்கத்தாவிலிருந்து வடகிழக்கே சுமார் 40 கிலோமீட்டர். பாராசாத்தைத் தாண்டி டாக்கி சாலையில் போகும் பேருந்துகள் பேராசாம்பா என்ற சிற்றூரில் நிற்கின்றன. மேற்கு வங்கத்தின் எந்தக் கிராமத்துச் சந்திப்பையும் போன்றதுதான் இதுவும். மிட்டாய்க் கடைகள், உரக் கடைகள், சரக்கேற்றிய சைக்கிள் வேன்கள். பக்கத்திலேயே ஒரு மேடு. மேட்டில் அகழ்ந்தெடுத்த பழைய செங்கல் சுவர்கள், இந்தியத் தொல்லியல் துறையின் அறிவிப்புப் பலகை. 'கனா-மிகிரேர் டிபி' என்பது இதன் பெயர். வங்காளியில் டிபி என்றால் மேடு. அரிக்கமேட்டில் இருக்கிறதே, அதே மேடுதான்.

வராகமிகிரரின் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்ட கனா என்ற பெண் சோதிடத்தில் மாமனாரையே மிஞ்சிவிட்டாள், அதனால் அவள் நாக்கு அறுக்கப்பட்டது என்பது வங்கத்துக் கதை. மழை, விதைப்பு, மாடு கன்று பற்றி அவள் சொன்னதாக வழங்கும் பழமொழிகளை வங்க விவசாயிகள் இன்றும் சொல்கிறார்கள். மேட்டுக்கு அவள் பெயர் வந்தது கதையால். அகழ்ந்தபோது உள்ளே கிடைத்தது குப்தர் காலத்தைச் சேர்ந்த பெரிய செங்கல் கோயில் ஒன்றின் அடித்தளம்.

சற்றுத் தள்ளிச் சந்திரகேது மன்னனின் கோட்டை என்று சொல்லப்படும் மண் அரண். இந்த அரணும் கனாவின் மேடும்தான் மத்திய அரசின் பாதுகாக்கப்பட்ட சின்னங்கள் பட்டியலில் உள்ளவை. ஆனால் நகரம் இவற்றோடு முடிந்துவிடவில்லை. ஹாதிப்பூர், ஜிக்ரா, இட்கோலா, நூன்கோலா என்று சுற்றுப்புறக் குடியிருப்புகளுக்கு அடியிலும் அது பரவிக் கிடக்கிறது. அங்கெல்லாம் வேலி இல்லை, பலகையும் இல்லை. வயலும் வீடும் குளமும்தான்.

மருத்துவரின் கடிதம்

இந்த இடத்தின் மதிப்பை முதலில் உணர்ந்தவர் வெளியூர் அறிஞர் அல்லர். உள்ளூர் மருத்துவர் தாரக்நாத் கோஷ். மண்ணிலிருந்து வெளிவரும் பழம்பொருள்களைக் கண்ட அவர், இடத்தைக் காக்கும்படி 1907-இல் தொல்லியல் துறைக்கு எழுதினார். துறையிலிருந்து வந்து பார்த்தவர் ஏ.எச். லாங்ஹர்ஸ்ட். பின்னாளில் சென்னை மாகாணத்தில் பணியாற்றிப் பல்லவர் கட்டடக் கலையைப் பற்றி நூல் எழுதிய அதே லாங்ஹர்ஸ்ட்தான். சந்திரகேதுகரில் பெரிதாக ஒன்றுமில்லை என்று சொல்லி அவர் திரும்பிவிட்டார்.

இரண்டாண்டுகள் கழித்து வந்த ராக்கல்தாஸ் பானர்ஜி அப்படி நினைக்கவில்லை. பிற்பாடு மொகஞ்சதாரோவை உலகுக்குக் காட்டியவர் அவர். சந்திரகேதுகரைப் பற்றி 1923-இல் 'பசுமதி' மாத இதழில் எழுதினார். ஆனால் முறையான அகழாய்வு தொடங்க மேலும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. கல்கத்தா பல்கலைக்கழகத்தின் அசுதோஷ் இந்தியக் கலை அருங்காட்சியகம் 1956-57 முதல் 1967-68 வரை இங்கே தோண்டியது. தலைமை தாங்கியவர் குஞ்சகோவிந்த கோஸ்வாமி.

அந்த அகழாய்வு காட்டிய காலவரிசை நீண்டது. மௌரியருக்கு முன்பே தொடங்கி, மௌரியர், சுங்கர், குஷாணர், குப்தர் என்று அடுக்கடுக்காகப் பாலர் காலம் வரை மனிதர்கள் இங்கே வாழ்ந்திருக்கிறார்கள். முத்திரை குத்திய வெள்ளிக் காசுகள், வார்ப்புச் செப்புக் காசுகள், கங்கைச் சமவெளி நகரங்களுக்கே உரிய கறுப்பு மெருகுப் பாண்டங்கள், விலையுயர்ந்த கல் மணிகள் எல்லாம் கிடைத்தன. கப்பல் உருவம் பொறித்த முத்திரைகளும் இப்பகுதியிலிருந்து வந்தன. அவற்றில் சிலவற்றின் எழுத்துகள் கரோஷ்டியும் பிராமியும் கலந்தவை என்று கல்வெட்டறிஞர் பி.என். முகர்ஜி வாசித்தார். கரோஷ்டி இந்தியாவின் வடமேற்கு எல்லையில் வழங்கிய எழுத்து. அது கிழக்குக் கோடியில் கிடைப்பதென்றால் வணிகர்கள் எவ்வளவு தூரம் நடந்திருக்க வேண்டும்!

எல்லாவற்றையும்விடப் புகழ் பெற்றவை சுடுமண் சிற்பங்கள். அச்சில் அழுத்தி எடுத்த, உள்ளங்கையில் அடங்கும் பலகைகள். கூந்தலில் ஆயுத வடிவ ஊசிகள் செருகி, மேகலையும் காதணியும் அணிந்து நிற்கும் யட்சிகள். குழந்தைகள் கயிறு கட்டி இழுத்த சக்கர வண்டிகள். காதலர்கள், யானைகள், அறுவடைக் காட்சிகள். கல் கிடைக்காத வண்டல் நாட்டில் களிமண்ணே கல்லாயிற்று. ஒரு பெண் அந்தக் காலத்தில் தலையை எப்படி முடிந்தாள், தட்டான் எப்படி நகை செய்தான் என்று இவ்வளவு நுணுக்கமாகச் சொல்லும் இடங்கள் இந்தியாவில் அதிகமில்லை.

தெற்கே போன வட்டில்

தமிழர்களுக்கு இந்த ஊர் அத்தனை அந்நியமானதல்ல. 1945-இல் புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது ஒரு வகைத் தட்டு நிறையக் கிடைத்தது. மெல்லிய, வழவழப்பான தட்டு. அதன் உட்புற அடியில் சிறுசிறு பள்ளக் கோடுகள் வட்ட வட்டமாகப் பதிந்திருக்கும். ரௌலெட்டட் பாண்டம் என்று பெயர். அதை மத்தியதரைக் கடல் நாடுகளோடு தொடர்புடையதாகவே வீலர் கண்டார். அழகன்குளம், காவிரிப்பூம்பட்டினம், இலங்கையின் அநுராதபுரம், இந்தோனேசியாவின் பாலித் தீவு என்று இந்தப் பாண்டம் பிறகு பல இடங்களில் வெளிப்பட்டது.

அது எங்கே வனையப்பட்டது? 1997-இல் விஸ்வாஸ் கோக்டே என்ற ஆய்வாளர் பல ஊர்ச் சில்லுகளின் களிமண்ணை எக்ஸ்-கதிர் முறையில் ஒப்பிட்டார். அது கீழைக் கங்கைக் கரை மண், சந்திரகேதுகர்-தாம்லுக் வட்டாரத்தது என்பது அவர் முடிவு. வெவ்வேறு நாடுகளில் கிடைத்த சில்லுகளின் மண் ஒரே வட்டாரத்தைச் சேர்ந்தது என்பதைப் பிறகு வந்த வேதியியல் ஆய்வுகளும் ஆதரித்தன. எந்த ஊர்ச் சூளை என்பதில் மட்டும் விவாதம் தொடர்கிறது. ரோமாபுரியின் நினைவுச் சின்னமாகக் கருதப்பட்ட அரிக்கமேட்டுத் தட்டு, வங்கக் குயவன் வனைந்து கடல் வழியே தெற்கே அனுப்பியதாக இருக்கலாம்.

பழைய ஏடுகளும் இந்தப் போக்குவரத்தைச் சொல்கின்றன. புகார் வீதிகளில் குவிந்த பொருள்களோடு கங்கைப் பொருள்களையும் பட்டினப்பாலை சேர்த்து எண்ணுகிறது. கிரேக்க மாலுமி ஒருவன் எழுதிய பெரிப்ளூஸ், தமிழ்க் கரைத் துறைமுகங்களிலிருந்து கங்கைக்குச் செல்லும் பெரிய மரக்கலங்களைக் குறிப்பிடுகிறது. அதே நூல் கங்கை முகத்தில் 'காங்கே' என்ற சந்தை நகரம் இருந்ததாகவும், மிக மெல்லிய மஸ்லின் அங்கிருந்து ஏற்றுமதியானதாகவும் கூறுகிறது. அந்தக் காங்கே சந்திரகேதுகராக இருக்கலாம் என்பது வங்க வரலாற்றாசிரியர்கள் சிலரின் கருத்து. ஊரை ஒட்டி ஓடிய வித்யாதரி ஆறு இன்று தூர்ந்து கிடக்கிறது. ஒரு காலத்தில் கடலுக்கு வழி அதுவே.

கொல்கத்தாவின் வயது பற்றிய பேச்சுக்கும் இந்த ஊர் ஒரு பதில். 1690 ஆகஸ்ட் 24-இல் ஜாப் சார்னாக் வந்திறங்கியதே நகரத்தின் பிறப்பு என்று நெடுங்காலம் பாடம் நடத்தினார்கள். அதை ஏற்க முடியாது என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் 2003 மே மாதம் தீர்ப்பளித்தது. அதே காலத்தில் விமான நிலையம் இருக்கும் டம்டம் பகுதியில், கிளைவ் மாளிகை அருகே உள்ள மேட்டைத் தொல்லியல் துறை அகழ்ந்தபோது, ஆங்கிலேயருக்குப் பல நூற்றாண்டுகள் முந்தைய வாழ்விடத் தடயங்கள் கிடைத்தன. மாநகரத்துக்குப் பூர்விகம் உண்டு. அதன் மிகப் பெரிய அத்தாட்சி பேராசாம்பாவில் இருக்கிறது.

முகவரி இழந்த யட்சிகள்

வங்கக் கிராமத்தில் வீடு கட்ட வேண்டுமென்றால் முதலில் குளம் வெட்டுவார்கள். அந்த மண்ணைக் கொட்டித்தான் வெள்ளம் ஏறாதபடி வீட்டுக்கு மேடை அமைப்பது. சந்திரகேதுகரில் குளம் வெட்டினால் நகரம் வெளிவருகிறது. மழைக்காலத்தில் மண் கரைந்தாலும் வருகிறது. மீன் வளர்ப்புக் குட்டைக்கும் செங்கல் சூளைக்கும் மண் எடுக்கும்போதும் வருகிறது. வந்ததைக் கேட்டு வாங்க ஆள் இருந்தார்கள். அகழாய்வு நின்ற பிறகு பல பத்தாண்டுகளாக இங்கிருந்து சிற்பங்கள் தரகர் கை மாறிக் கொல்கத்தா, டாக்கா, லண்டன், நியூயார்க் என்று போய்க்கொண்டிருந்தன.

நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இன்று 'சந்திரகேதுகர்' என்ற பெயர்ச்சீட்டுடன் சிற்பங்கள் உள்ளன. வங்கதேச அறிஞர் எனாமுல் ஹக் 2001-இல் இந்தச் சுடுமண் கலை பற்றிப் பெரிய நூல் ஒன்றை வெளியிட்டார். பொருள்களில் பெரும்பகுதி அகழாய்வுக் குழியிலிருந்து நேரே வந்தவை அல்ல. பல நாட்டுச் சேகரிப்புகளில் சிதறியவை. சந்தை சூடு பிடித்ததும் போலிகளும் பெருகின. எது மண்ணிலிருந்து வந்தது, எது போன வருடம் சுட்டது என்று சொல்ல வல்லுநர்களே தயங்க வேண்டிய நிலை.

தமிழ்நாட்டுக்குச் சிலைத் திருட்டு புதிதல்ல. ஆனால் இரண்டுக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து களவுபோன நடராசர் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்திலிருந்து 2014-இல் திரும்பினார். அவர் எந்தக் கோயிலைச் சேர்ந்தவர் என்பதைக் காட்டப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் பழைய புகைப்படங்கள் இருந்தன. அந்தக் கடத்தலோடு தொடர்புடைய சுபாஷ் கபூருக்கு 2022-இல் கும்பகோணம் நீதிமன்றம் 10 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. கோயில் சிலைக்கு ஊர் உண்டு, பீடம் உண்டு, படம் உண்டு.

சந்திரகேதுகர் யட்சிக்கு இவை ஒன்றும் இல்லை. குளத்து மண்ணிலிருந்து இரவோடிரவாக எடுக்கப்பட்ட பலகையை அதற்குமுன் யாரும் பார்த்ததில்லை. எந்த அடுக்கில், எந்தப் பானைக்கருகில், எந்தக் காசோடு கிடந்தது என்பது எடுத்தவனுக்கே தெரியாது. களவுபோனதாகப் புகார் கொடுக்கவும் ஆளில்லை. அது நாளைக்கே திரும்பி வந்தாலும் அழகான ஒரு பொம்மையாக வருமே தவிர, ஒரு நகரத்தின் சாட்சியாக வராது.

2023-இல் அமெரிக்கா திருப்பித் தந்த 105 தொல்பொருள்களில் 47 கிழக்கிந்தியாவைச் சேர்ந்தவை. 2024 செப்டம்பரில் ஒப்படைக்கப்பட்ட 297 பொருள்களைப் பற்றி மத்திய அரசு வெளியிட்ட குறிப்பு, அவற்றில் பெரும்பாலானவை கிழக்கிந்தியச் சுடுமண் பொருள்கள் என்றது. எந்த மாவட்டம், எந்த மேடு என்ற கேள்விக்கு 'கிழக்கிந்தியா' என்பதுதான் பதில். முகவரி அவ்வளவுக்குத் தேய்ந்துவிட்டது.

அதனால்தான் தொல்லியலாளர்கள் பொருளை மீட்பதைவிட நிலத்தைக் காப்பது முக்கியம் என்கிறார்கள். பூங்கா என்ற யோசனை இங்கிருந்து பிறக்கிறது.

சட்டத்தில் இல்லாத பூங்கா

'தேசியப் பூங்கா அமைத்துவிட்டால் போயிற்று' என்பது கேட்க எளிது. ஆனால் இந்தியச் சட்டத்தில் தேசியப் பூங்கா என்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருவது. சூழலியல், விலங்கு, தாவரம், நில அமைப்பு ஆகிய காரணங்களுக்காக ஒரு பகுதியை மாநில அரசு அப்படி அறிவிக்கலாம். பழங்கால இடிபாடு என்ற காரணம் அதில் இல்லை. விழுப்புரம் மாவட்டம் திருவக்கரையில் 'தேசியக் கல்மரப் பூங்கா' இருக்கிறதே என்று தமிழ் வாசகர்கள் கேட்கலாம். அது இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை பராமரிக்கும் புவியியல் சின்னம். பெயரில் பூங்கா இருந்தாலும் வனவிலங்குச் சட்டத்தின் பூங்கா அன்று.

இடிபாடுகளுக்கு உரியது 1958-ஆம் ஆண்டின் தொல்சின்னங்கள் சட்டம். 2010-இல் அது கடுமையாக்கப்பட்டது. பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது. அதற்கு அப்பால் 200 மீட்டருக்கு அனுமதி தேவை. சின்னத்தைச் சேதப்படுத்தினால் இரண்டாண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும்.

ஒற்றைக் கோயிலுக்கு இந்தச் சட்டம் பொருந்தும். புதைந்த நகரத்துக்கு அளவெடுத்துத் தைத்ததல்ல. சந்திரகேதுகரில் இரண்டு புள்ளிகளைச் சுற்றி வட்டம் போட்டால் நடுவிலும் ஓரத்திலும் உள்ள நகரம் வெளியே நின்றுவிடுகிறது. வட்டத்துக்குள் அகப்பட்டவரோ தன் வீட்டுக்கு ஓர் அறை சேர்க்க முடியாமல் தொல்லியலையே சபிக்கிறார்.

புதையல் பற்றிய சட்டம் இன்னும் விசித்திரம். 1878-ஆம் ஆண்டுச் சட்டப்படி மண்ணில் பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையல் கண்டெடுத்தவர் கலெக்டரிடம் தெரிவிக்க வேண்டும். அரசு அதை எடுத்துக்கொள்ள விரும்பினால் அது செய்யப்பட்ட மூலப்பொருளின் மதிப்பையும் அதோடு ஐந்தில் ஒரு பங்கையும் கொடுத்தால் போதும். தங்கத்துக்கு இது சரி. சந்திரகேதுகர்ச் சிற்பத்தின் மூலப்பொருள் களிமண். களிமண் விலையும் அதில் ஐந்தில் ஒரு பங்கும்! தரகர் நீட்டும் நோட்டுக்கு முன்னால் அரசின் இந்தத் தாராளம் எடுபடுமா?

காவலுக்கும் ஆளில்லை. மத்தியப் பாதுகாப்பில் இருந்த 3,693 சின்னங்களில் 248-இல் மட்டுமே காவலர்களை நிறுத்த முடிந்ததாக 2022 டிசம்பரில் நாடாளுமன்ற நிலைக்குழுவின் அறிக்கை தெரிவித்தது. தேவை என்று மதிப்பிடப்பட்டது 7,000 பேர். இருந்தவர்கள் 2,578 பேர். அதற்கு முன்பே, 2013-இல், கணக்குத் தணிக்கைத் துறை தான் சோதித்தவற்றில் 92 சின்னங்களைக் காணவே இல்லை என்று சொல்லியிருந்தது.

பிற நாட்டுப் பாடங்கள்

இடிபாடுகளுக்காகவே தேசியப் பூங்கா அமைத்த முன்னோடி நாடு அமெரிக்கா. கொலராடோ மாநிலத்து மேசா வெர்டேயில் செங்குத்தான பாறை இடுக்குகளில் பழங்குடியினர் கட்டிய வீடுகள் உள்ளன. 1891-இல் ஸ்வீடனைச் சேர்ந்த குஸ்தாவ் நோர்டன்ஷோல்ட் என்ற இளைஞர் அங்கே தோண்டி, பொருள்களை ரயிலேற்றினார். கோபமுற்ற ஊரார் அவரைக் கைது செய்ய வைத்தார்கள். ஆனால் அவர் மீறியதாகக் காட்ட ஒரு சட்டமும் இல்லாததால் விட்டுவிட வேண்டியதாயிற்று. பொருள்கள் ஐரோப்பா போய், கடைசியில் பின்லாந்து அருங்காட்சியகத்தில் சேர்ந்தன. இப்படிப்பட்ட நிகழ்ச்சிகள் கிளப்பிய பேச்சுதான் 1906-இல் தொல்பொருள் சட்டத்தையும் அதே ஆண்டு ஜூன் 29 அன்று மேசா வெர்டே தேசியப் பூங்காவையும் கொண்டுவந்தது. அங்கிருந்து போன மனித எலும்புகளும் ஈமப் பொருள்களும் பழங்குடியினரிடம் திரும்பி வர 2020 ஆயிற்று.

மத்திய அமெரிக்காவின் குவாட்டமாலா 1955-இல் மாயன் நகரமான திகாலைச் சுற்றிக் காட்டையும் சேர்த்துத் தேசியப் பூங்காவாக்கியது. காடு கோபுரங்களைக் காக்கிறது. கோபுரங்கள் காட்டுக்குப் பெருமை தருகின்றன. 1979-இல் யுனெஸ்கோ அதை இயற்கை, பண்பாடு இரண்டுக்குமாகச் சேர்த்தே உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏற்றியது.

இந்தியாவிலும் தற்செயலாக இப்படி நடந்திருக்கிறது. மத்தியப் பிரதேசத்தின் பாந்தவ்கர் புலிகள் காப்பகத்தில் 2022-இல் தொல்லியல் துறை நுழைந்து தேடியபோது 26 கோயில்கள், 26 குகைகள், 24 கல்வெட்டுகள் என்று பட்டியல் நீண்டது. வங்கத்திலேயே சுந்தரவனத்தில் நேதிதோபானி என்ற இடத்தில் பழைய கோயில் ஒன்றின் இடிபாடு இருக்கிறது. சுற்றுலாப் படகில் வருபவர்கள் காவற்கோபுரத்திலிருந்துதான் அந்தப் பக்கத்தைப் பார்க்கலாம். புலி நடமாடும் காட்டில் செங்கல்லைத் திருட எவரும் இறங்குவதில்லை. தொல்லியல் துறையிடம் இல்லாத காவலர் படை வனத் துறையிடம் நான்கு காலில் இருக்கிறது.

ஆனால் பேராசாம்பா காடு அல்ல. தலைமுறை தலைமுறையாக மக்கள் உழுது வாழும் மண். அங்கே திகால் நடக்காது. நெருங்கிய உதாரணம் குஜராத்தின் சாம்பானேர்-பாவாகட். 'தொல்லியல் பூங்கா' என்ற பெயரிலேயே 2004-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறிய இடம் அது. கோட்டை, மசூதி, மலைக்கோயில், அவற்றினிடையே இன்றும் மக்கள் வாழும் ஊர் எல்லாம் ஒரே எல்லைக்குள். எச்சரிக்கைக்கு ஹம்பி இருக்கிறது. 2011-இல் விருபாட்சர் கோயில் எதிரே பழைய கடைவீதியில் குடியிருந்தவர்களை ஒரே மூச்சில் காலி செய்தார்கள். கல் மண்டபங்கள் மிஞ்சின. ஊர் மக்களின் கசப்பும் மிஞ்சியது.

மேசா வெர்டேவின் கதையிலும் இப்படி ஓர் அத்தியாயம் உண்டு. முக்கியமான இடிபாடுகள் பல, பூங்கா எல்லைக்கு வெளியே யூட் பழங்குடியினரின் நிலத்தில் இருந்தன. அவர்களோடு பேரம் பேசி நிலத்தை மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. அந்தப் பேரம் நியாயமானதா என்ற கேள்வி அங்கே இன்னும் ஓயவில்லை.

உழுபவனே காவலன்

அப்படியானால் சந்திரகேதுகருக்கு எந்த வகைப் பூங்கா? கீழடி ஒரு வழியைக் காட்டியது. தென்னந்தோப்பு உடையவர்களின் சம்மதத்தோடு குழி வெட்டி, பதிவு செய்து, பல குழிகளை மீண்டும் மூடினார்கள். 2023 மார்ச்சில் அருங்காட்சியகம் திறக்கப்பட்டபோது அந்த வட்டார மக்கள் அதைத் தங்கள் ஊர்ச் சொத்தாகப் பார்த்தார்கள். 2020 மத்திய பட்ஜெட்டில், கண்டெடுத்த இடத்திலேயே அருங்காட்சியகம் அமைக்க ஐந்து ஊர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. ஆதிச்சநல்லூர் அவற்றில் ஒன்று. அஸ்ஸாமின் சிவசாகர் மற்றொன்று. வங்கத்திலிருந்து எதுவும் இல்லை. அந்த பட்ஜெட்டில் கொல்கத்தா பெயரும் வந்தது, இந்திய அருங்காட்சியகத்தைச் சீரமைக்கும் அறிவிப்பாக. தலைநகரத்துக் கட்டடத்துக்குப் பணம். பொருள் பிறந்த மண்ணுக்கு இன்னும் முறை வரவில்லை.

பேராசாம்பாவில் ஒரு சிறு அருங்காட்சியகம் இருக்கிறது. உள்ளூர்க்காரர்கள் சிலர் பல்லாண்டுகளாக வயலிலும் குளக்கரையிலும் பொறுக்கிச் சேர்த்துக் காத்த பொருள்கள் இல்லாவிட்டால் அந்த வட்டாரத்தில் காட்ட அதிகம் மிஞ்சியிருக்காது. 1907-இல் மருத்துவர் செய்த வேலையை ஊர் விட்டுவிடவில்லை என்பதற்கு இது அடையாளம். கொள்ளைக்குத் துணைபோனவர்களும் அதே ஊரில் இருந்தார்கள் என்பது உண்மைதான். ஒரு சிற்பத்துக்குக் கிடைத்த காசு ஒரு போக நெல்லுக்குச் சமமாக இருந்தால் ஏழை உழவனிடம் தொல்லியல் பேசிப் பயனில்லை.

பூங்கா என்பது கம்பிவேலியோடு தொடங்க வேண்டியதில்லை. முதலில் வேண்டியது வரைபடம். நகரம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை மண்ணைத் தோண்டாமலே ஊடுருவிப் பார்க்கும் ரேடார் கருவிகள் இன்று இருக்கின்றன. அடியில் நகரம் அடர்த்தியாக உள்ள வயல்களை மட்டும் நியாய விலைக்கு அரசு வாங்கலாம். மற்ற வயல்களில் ஆழக் குழி கூடாது என்ற ஒரே நிபந்தனையோடு பயிர் தொடரலாம். நெல்லும் சணலும் நகரத்துக்குக் கேடு செய்வதில்லை. கேடு செய்பவை குளமும் சூளையும்தான். குளம் வெட்டாமல் விட்டவருக்கு ஈடு கொடுக்கலாம். கண்டெடுத்ததை ஒப்படைப்பவருக்குக் களிமண் விலை அல்லாமல் கௌரவமான வெகுமதி தர 1878-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தலாம். காவலர், வழிகாட்டி, அகழாய்வுக் கூலி வேலைகளை அந்தக் கிராமத்தவருக்கே கொடுக்கலாம்.

இதற்கு வனவிலங்குச் சட்டத்தின் பெயர்ப்பலகை தேவையில்லை. ஹம்பி பகுதிக்குக் கர்நாடகம் 2002-இல் தனிச் சட்டம் இயற்றி ஒரு நிர்வாக ஆணையம் அமைத்தது. வங்கமும் அப்படி ஒன்றைச் செய்யலாம். வழக்கமான இழுபறி ஒன்றுதான். பாதுகாக்கப்பட்ட இரு புள்ளிகளும் மத்தியத் தொல்லியல் துறையிடம். சுற்றியுள்ள நிலமும் காவல்துறையும் மாநில அரசிடம். வீடு கட்ட அனுமதி பஞ்சாயத்திடம். மூவரும் ஒரு மேசையில் உட்காராமல் சந்திரகேதுகர் பூங்கா ஆகாது.

அதுவரை ஊர் காத்திருக்காது. மகனுக்குக் கல்யாணம் ஆனால் வீடு வேண்டும், வீட்டுக்கு மேடை வேண்டும், மேடைக்கு மண் வேண்டும். அந்த மண்ணில் முத்திரை ஒன்று புரளலாம், அரிக்கமேட்டுக்குப் போகாமல் தங்கிவிட்ட தட்டு ஒன்றும் உடையலாம். லாங்ஹர்ஸ்ட் ஒன்றுமில்லை என்று சொல்லிப் போய் நூறாண்டுக்கு மேலாகிறது. ஏராளமாக இருக்கிறது என்று தெரிந்த பிறகும் எல்லைக்கல் நடாமல் இருப்பதற்கு அவரைக் குறை சொல்ல முடியாது.